தமிழ்க் கற்றல் செயலிகளுக்கான தானியக்க இடைமுகச் சோதனைக் கருவிகள்: தேர்வு குறித்துச் சில கருத்துகள்

முன்னுரை

தமிழ்மொழி கற்றல் கற்பித்தலுக்கெனக் கைப்பேசிச் செயலிகளை உருவாக்கும் பணி இன்று மென்பொருள் நிறுவனங்களுக்கு மட்டும் உரியதன்று. பல்கலைக்கழகத் துறைகளிலும் ஆசிரியர் பயிற்சி நிலையங்களிலும் பள்ளிகளிலுங்கூட இம்முயற்சிகள் நடைபெற்று வருகின்றன. பாடப்பொருளை ஆசிரியர் வழங்க, நிரலை மாணவரோ ஒப்பந்த அடிப்படையில் ஒரு நிரலரோ எழுத, சில திங்களுக்குள் செயலி வகுப்பறையை வந்தடைகிறது. பாடப்பொருள் எங்கிருந்து பெறப்பட்டது, சொல்வளம் எந்த ஆண்டு மாணவர்க்கு ஏற்றது என்பன பற்றியெல்லாம் நாம் கூர்ந்து வினவுகிறோம். அச்செயலி எவ்வாறு சோதிக்கப்பட்டது என்று மட்டும் வினவுவதில்லை. அது கணினித்துறையார் பார்த்துக்கொள்ள வேண்டியது என்னும் எண்ணமே இதற்குக் காரணம் எனலாம்.

ஆங்கிலச் செயலியைப் பொறுத்தவரை இவ்வெண்ணம் பெரும்பாலும் பொருந்தும். தமிழ்ச் செயலிக்குப் பொருந்தாது. சோதனைக் கருவி 'சரி' என்று அறிவித்த திரையில் தமிழ் பிழைபடத் தோன்றக்கூடும். சரியாக எழுதிய குழந்தைக்குச் செயலி 'தவறு' என்று காட்டவும் கூடும். இவை ஏன் நிகழ்கின்றன, கருவியைத் தேரும்போது எவற்றைக் கருத வேண்டும் என்பனவற்றை இக்கட்டுரையில் விளக்க முற்படுகிறோம்.

தானியக்க இடைமுகச் சோதனை என்பது யாது? ஒருவர் செயலியின் திரையில் செய்யும் செயல்களை, அதாவது பொத்தானைத் தொடுதல், பெட்டியில் எழுதுதல், பக்கத்தை நகர்த்துதல் போன்றவற்றை, ஒரு நிரல் தானே செய்து, எதிர்பார்த்த விளைவு திரையில் கிட்டியதா என்று சரிபார்ப்பதாகும். 40 திரைகளைக் கொண்ட செயலியை மூன்று வகைக் கைப்பேசிகளில் கையால் சோதிப்பின் 120 திரைகளைப் பார்த்தாக வேண்டும். நிரலில் ஒரு சிறு திருத்தம் செய்தாலும் அவ்வளவையும் மீண்டும் பார்க்க வேண்டும். மூன்றாம் முறையில் மனிதக் கண் சோர்ந்துவிடும், நிரல் சோர்வதில்லை.

விளக்கத்தின் பொருட்டு ஓர் எளிய செயலியை மனத்திற் கொள்வோம். தமிழ்ப்பள்ளியின் மூன்றாம் ஆண்டு மாணவர்க்குரிய சொல்வதெழுதல் செயலி அது. 'கொக்கு' என்னும் சொல் ஒலிக்கிறது. மாணவர் அதனைப் பெட்டியில் எழுதுகிறார். கீழே 'சமர்ப்பிக்கவும்' என்னும் பொத்தான். அதனைத் தொட்டதும் மதிப்பெண் தோன்றுகிறது. இவ்வளவே. இதற்குள்ளேயே பேசவேண்டியவை பல உள்ளன.

கருவி எதனைக் காண்கிறது?

சோதனைக் கருவி திரையைப் 'பார்க்கிறது' என்று கூறுவது வழக்கு. உண்மையில் பெரும்பாலான கருவிகள் திரையைப் பார்ப்பதில்லை. திரையிலுள்ள ஒவ்வோர் உறுப்பின் பெயரையும் அதிலடங்கிய எழுத்துகளையும் அதன் இடத்தையும் இயங்குதளம் ஒரு மரவடிவப் பட்டியலாக வைத்திருக்கிறது. பார்வைக் குறையுடையோர்க்குத் திரையை வாசித்துக் காட்டும் டாக்பேக், வாய்ஸ்ஓவர் ஆகிய மென்பொருள்கள் இப்பட்டியலையே படிக்கின்றன. அப்பியம், மேஸ்ட்ரோ, எக்ஸ்சியுஐடெஸ்ட் போன்ற சோதனைக் கருவிகள் படிப்பதும் இதனையே. எஸ்பிரெசோ செயலியின் உள்ளிருந்தே அதன் உறுப்புகளை நேரடியாக வினவுகிறது. எவ்வாறாயினும் கருவிக்குக் கிட்டுவது நினைவகத்தில் உள்ள குறியெண்களின் தொடரேயன்றி, குழந்தையின் கண்ணுக்குத் தெரியும் எழுத்துருவம் அன்று.

ஆங்கிலத்தில் இவ்விரண்டிற்கும் இடையே வேறுபாடு மிகக் குறைவு. தமிழிலோ குறியெண் எழுத்தாக வடிவம் பெறுவதற்கு இடையில் ஒரு படி உண்டு. 'கொ' என்பதில் ஒற்றைக்கொம்பு மெய்க்கு முன்னும் கால் பின்னும் சென்று அமைய வேண்டும். இதனைச் செய்யும் பொறி ஆண்டிராய்டில் ஹார்ஃப்பஸ், ஆப்பிள் கருவிகளில் கோர் டெக்ஸ்ட். இப்படியில் குறை நேர்ந்தால் கொம்பு மெய்க்குப் பின்னே தொங்கும்; எழுத்துரு இல்லையெனில் வெறுங்கட்டங்கள் தோன்றும். ஆண்டிராய்டின் தொடக்ககாலப் பதிப்புகளில் தமிழ் கட்டங்களாகத் தெரிந்ததைப் பலரும் நினைவுகூர்வர். அந்நிலையிலும் சோதனைக் கருவி பட்டியலைப் படித்து, 'கொக்கு' உள்ளது, சோதனை வெற்றி என்றே அறிவிக்கும்.

பொத்தானின் நிலையும் இதுவே. 'சமர்ப்பிக்கவும்' என்பது தமிழ் இலக்கணப்படி 9 எழுத்து. ஒருங்குறிப்படி 15 குறியெண். ஆங்கிலச் சொல்லின் ஆறு எழுத்துக்கென வரைந்த பொத்தானில் இது அடங்காது 'சமர்ப்பி...' என்று வெட்டுப்படும். பட்டியலில் முழுச்சொல்லே இருக்குமாதலின் கருவிக்கு இக்குறை தெரியாது. பெற்றோரின் குறைந்த விலைக் கைப்பேசியில், எழுத்தளவைப் பெரிதாக்கி வைத்திருக்கும் நிலையில் இது மிகுதியாக நிகழும். மேம்பாட்டாளரின் மேசையிலுள்ள விலையுயர்ந்த கைப்பேசியில் நிகழாது.

ஒரே தோற்றம், வேறு குறியெண்கள்

இஃது இன்னும் நுட்பமான சிக்கல். தமிழாசிரியரின் தீர்ப்பை வேண்டி நிற்பதும் இதுவே. ஒருங்குறியில் 'கொ' என்பதை இரு வகையாக எழுதலாம். ககரத்தோடு ஒகரக் குறியை ஒரே குறியெண்ணாகச் சேர்ப்பது ஒன்று. ககரத்தோடு ஒற்றைக்கொம்பையும் காலையும் தனித்தனிக் குறியெண்களாகச் சேர்ப்பது மற்றொன்று. திரையில் இரண்டும் ஒன்றே. இரண்டும் ஒன்றெனக் கொள்ளத்தக்கவை என்று ஒருங்குறித் தரமே கூறுகிறது. ஆனால் நிரல்மொழிகள் எல்லாம் அவ்வாறு கொள்வதில்லை. ஐஃபோன் செயலிகளுக்குரிய ஸ்விஃப்ட் மொழி இரண்டையும் சமம் என்று ஏற்கும். ஆண்டிராய்டுக்குரிய ஜாவாவும் கோட்லினும் அவற்றை வேறு எனக் கருதும். பைத்தானும் ஜாவாஸ்கிரிப்டும் அவ்வாறே. எனவே ஒரே விடை ஐபேடில் சரியாகவும் ஆண்டிராய்டில் தவறாகவும் மதிப்பிடப்பட வாய்ப்புண்டு. குழந்தைக்கோ தான் என்ன பிழை செய்தோம் என்பது ஒருபோதும் விளங்காது.

எழுத்தெண்ணிக்கையிலும் இவ்வேறுபாடு தலைகாட்டும். 'தமிழ்' என்னும் சொல்லின் நீளம் யாது என்று கேட்டால் ஸ்விஃப்ட் 3 என்னும். கோட்லின் 5 என்னும். 'இச்சொல்லில் எத்தனை எழுத்து?' என்று வினவும் பயிற்சியை அமைப்போர் இதனை மறத்தலாகாது.

ஔகார வரிசை வேறு வகை. 'கௌரி' என்பதை ஒற்றைக்கொம்பும் ளகரமும் இட்டுக் 'கெளரி' என்று தட்டச்சு செய்வோர் உளர். பல எழுத்துருக்களில் தோற்றம் ஏறத்தாழ ஒன்றே. ஆயினும் ஒருங்குறித் தரப்படி இவை வெவ்வேறு சொற்கள். ஸ்விஃப்டும் இவற்றைச் சமமெனக் கொள்ளாது. 'ஸ்ரீ' என்னும் வடிவத்தையும் ஸகரத்தில் தொடங்கியோ, 2005-ஆம் ஆண்டு ஒருங்குறியின் 4.1 பதிப்பில் சேர்க்கப்பட்ட ஶகரத்தில் தொடங்கியோ எழுதலாம். தமிழ் எண் ஒன்றும் ககரமும் உருவில் ஒன்றே. இவற்றுள் எதனை ஏற்பது, எதனைத் திருத்துவது? 'கெளரி' என்று எழுதிய மாணவருக்கு மதிப்பெண் வழங்கலாமா? இது நிரலர் தீர்மானிக்கத்தக்கதன்று. கற்பித்தலைச் சார்ந்த வினா. ஆசிரியர் தீர்மானித்துக் கூறாவிடின், நிரல்மொழியின் இயல்பே தீர்மானித்துவிடும்.

இத்தகைய பிழைகள் தானியக்கச் சோதனையில் அகப்படாமைக்கு ஓர் எளிய காரணமும் உண்டு. சோதனையை எழுதுவோர், சரியான விடையைச் செயலியின் விடைப்பட்டியலிலிருந்தே படியெடுத்து ஒட்டுகின்றனர். ஒரே ஊற்றிலிருந்து வந்த இரண்டும் பொருந்துதல் இயல்பே. விடைத்தாளைப் பார்த்து எழுதியவர் முழு மதிப்பெண் பெறுவது போன்றது இது.

கருவிகளின் இயல்புகள்

இனிக் கருவிகளை நோக்குவோம். அனைத்தையும் ஈண்டு விவரித்தல் தேவையன்று. கல்வித்துறையில் உண்மையாகவே கருதத்தக்க சிலவற்றை மட்டும் கூறுகிறோம்.

அப்பியம் திறமூலக் கருவி. 2012-ஆம் ஆண்டளவில் பரவலாக அறிமுகமாகி, 2014-இல் முதற் பதிப்பையும் 2023-இல் இரண்டாம் பெரும்பதிப்பையும் கண்டது. இணைய உலாவிகளைச் சோதிக்கும் செலீனியத்தின் நெறிமுறையைக் கைப்பேசிக்குக் கொணர்ந்ததே இதன் சிறப்பு. அந்நெறிமுறை 2018-இல் உலகளாவிய வலைத் தரமாக ஏற்கப்பட்டது. செயலியின் மூலநிரல் இன்றியே இக்கருவியைக் கொண்டு சோதிக்கலாம். ஆண்டிராய்டு, ஐஓஎஸ் இரண்டிற்கும் பைத்தான் முதலிய ஒரே மொழியில் சோதனை எழுதலாம். குறை யாதெனின், இடையில் ஒரு வழங்கி நின்று கட்டளைகளைக் கடத்துவதால் வேகம் குறைவு, நிறுவுதலும் எளிதன்று.

எஸ்பிரெசோ கூகுள் நிறுவனம் 2013-இல் வெளியிட்டது. ஆண்டிராய்டுக்கு மட்டும் உரியது. செயலியோடு ஒரே இடத்தில் இயங்கி, திரை அமைதியடையும்வரை தானே காத்திருந்து அடுத்த படிக்குச் செல்லும். அதனால் விரைவும் நம்பகமும் மிகுதி. மூலநிரல் கையில் இருத்தல் வேண்டும். எக்ஸ்சியுஐடெஸ்ட் ஆப்பிள் நிறுவனம் 2015-இல் தன் எக்ஸ்கோடு மென்பொருளோடு வழங்கியது. கட்டணமில்லை, ஆனால் மேக் கணினி இன்றி இயக்க இயலாது. ஒரு துறையின் ஆண்டு நிதியில் அதுவே பெருஞ்செலவாகும்.

மேஸ்ட்ரோ 2022-இல் வந்த புதிய கருவி. இதில் சோதனை என்பது நிரல் அன்று. வரிசையாக எழுதப்பட்ட குறிப்புகள். இதனைத் தொடு, இதனை எழுது, இது தோன்றுகிறதா பார் என்னும் முறையில் அமைவதால் நிரலறியாத ஆசிரியரும் படித்துப் புரிந்துகொள்ளலாம். தமிழாசிரியரும் நிரலரும் ஒரே மேசையில் அமர்ந்து பேசுவதற்கு இது பெரிதும் உதவும் என்பது எம் கருத்து. ஆயின் இதன் தொடக்கப் பதிப்புகளில் ஆண்டிராய்டுப் பெட்டிக்குள் ஆங்கிலமல்லாத எழுத்துகளை இட இயலாதிருந்தது. எந்தப் பதிப்பைக் கொள்ளினும் 'கொக்கு' என்னும் ஒரு சொல்லை இட்டுப் பார்த்தபின்னரே அதனைத் தேர்தல் வேண்டும்.

செயலி எதனால் ஆக்கப்பட்டது என்பதும் தேர்வைக் கட்டுப்படுத்தும். ஃபிளட்டரில் எழுதிய செயலி தன் திரையைத் தானே வரைகிறது. அதற்கு ஃபிளட்டரோடு வரும் சோதனைத் தொகுப்பே இயல்பான தேர்வு. ஆனால் அத்தொகுப்பின் கூறுச்சோதனைகளில் இயல்பாக அமைந்துள்ள எழுத்துரு எல்லா எழுத்துகளையும் சதுரங்களாகவே வரையும். வேறு எழுத்துருவை ஏற்றாவிடின், எடுத்த படங்கள் அனைத்திலும் ஒரு தமிழ் எழுத்துக்கூட இராது. சோதனைகள் எல்லாம் வெற்றி பெற்றிருக்கும்!

குழந்தைகளுக்குரிய விளையாட்டுச் செயலிகள் பல யூனிட்டியில் ஆக்கப்படுகின்றன. அவற்றின் திரை முழுவதும் இயங்குதளத்திற்கு ஒரே ஓவியமாகத் தோன்றுவதால், மேற்கூறிய பொதுக்கருவிகளுக்கு உள்ளே எதுவும் புலப்படாது. ஆல்ட்டெஸ்டர் போன்ற தனிக்கருவி தேவைப்படும். மேலும், யூனிட்டியின் வழக்கமான எழுத்துக்கூறுகள் தமிழ்க் கொம்புகளை இடம்மாற்றி அமைக்கும் திறனின்றி நெடுங்காலம் இருந்தன. இதனைச் சமாளிக்க, ஒருங்குறிச் சொல்லைப் பழைய எழுத்துருக் குறியீட்டிற்கு மாற்றித் திரையில் காட்டும் உத்தியை மேம்பாட்டாளர் சிலர் கையாள்கின்றனர். திஸ்கி, தாப், தாம் என்று குறியீடுகள் பலவாக இருந்த காலத்தை அறிந்தவர்க்கு இதன் விளைவு விளங்கும். சோதனைக் கருவி படிக்கும் எழுத்துத்தொடர் அப்போது தமிழாகவே இராது.

எத்தனை கருவிகளைப் பயன்படுத்தினும் ஓர் ஒழுங்கு இன்றியமையாதது. பொத்தானை அதன்மீது எழுதியுள்ள தமிழ்ச்சொல்லைக் கொண்டு தேடும்படி சோதனையை எழுதலாகாது. 'சமர்ப்பிக்கவும்' வேண்டா, 'அனுப்புக' போதும் என்று ஆசிரியர் திருத்திய அன்றே அச்சோதனைகள் அனைத்தும் முறிந்துவிடும். தமிழாசிரியர்கள் திருத்துவார்கள், திருத்தத்தான் வேண்டும். ஆதலின் ஒவ்வோர் உறுப்புக்கும் மாறாத உட்பெயர் ஒன்றை இட்டு, அதனைக் கொண்டே கருவி தேடுமாறு செய்தல் நன்று.

தட்டச்சு என்னும் இடைவெளி

சொல்வதெழுதல் செயலியில் உயிரான செயல் மாணவர் எழுதுவதே. அதனைத் தானியக்கக் கருவிகள் உண்மையில் சோதிப்பதில்லை என்பது பலரும் அறியாதது. எஸ்பிரெசோவின் தட்டச்சுக் கட்டளைக்குத் தமிழ்ச்சொல்லை அளித்தால், அதற்குரிய விசைகள் இல்லையெனப் பிழை காட்டி நின்றுவிடும். பெட்டியிலுள்ளதை மாற்றுக என்னும் வேறு கட்டளையையே பயன்படுத்த வேண்டும். அதுவோ சொல்லை முழுமையாகப் பெட்டிக்குள் வைத்துவிடும். அப்பியமும் பெரும்பாலும் அவ்வாறே செய்கிறது. அதன் பழைய அமைப்பு இதற்கெனத் தனி விசைப்பலகை ஒன்றைத் தற்காலிகமாக நிறுவியது. எவ்வாறாயினும் மாணவர் பயன்படுத்தும் தமிழ் விசைப்பலகை இடையில் வருவதே இல்லை.

மலேசியரான முத்து நெடுமாறன் உருவாக்கிய செல்லினம் 2005-ஆம் ஆண்டு சிங்கப்பூரில் அறிமுகம் கண்டதிலிருந்து கைப்பேசியில் தமிழ் எழுதும் முறைகள் பெருகியுள்ளன. தமிழ் 99, அஞ்சல், கூகுள் விசைப்பலகை, ஆப்பிளின் விசைப்பலகை என மாணவர் கையில் பல உண்டு. ககரத்தை இட்டு, பின் உயிரை இட்டு, இடையில் தவறி அழித்து, மீண்டும் இடும்போது அழிப்புவிசை ஓர் எழுத்தை அழிக்கிறதா, ஒரு குறியை மட்டும் அழிக்கிறதா என்பது விசைப்பலகையையும் இயங்குதளத்தையும் பொறுத்து மாறும். சொல் முடியும்முன் செயலி விடையைச் சரிபார்க்கத் தொடங்கினால், பாதி எழுதிய 'கெ' தவறென்று சிவந்து நிற்கும். விசைகளைத் தனித்தனியே தொடுமாறு சில கருவிகளைப் பணிக்கலாம். ஆனால் விசைப்பலகை மாறியவுடன் சோதனை பயனற்றதாகும். எம் நோக்கில் இப்பகுதியைக் கைச்சோதனைக்கே விட்டுவிடுதல் தகும். கருவியின் விளம்பரத்தில் 'எல்லா மொழிகளும்' என்று எழுதியிருப்பது இவ்விடைவெளியை மறைத்துவிடக் கூடாது.

படங்களை ஒப்பிடுதல்

எழுத்துருவத்தைப் பார்க்க வேண்டுமெனில் திரையைப் படமெடுத்து, ஏற்கெனவே ஆசிரியர் பார்த்து ஒப்பிய படத்தோடு ஒப்பிடுவதே வழி. மேலே கூறிய கருவிகளோடு இணைத்து இதனைச் செய்யலாம். ஆனால் இங்கும் தமிழுக்கெனக் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. இரு படங்களுக்கிடையே சிறு வேறுபாடுகளைப் பொறுத்துக்கொள்ளுமாறு ஒப்பீட்டுக்கு ஓர் எல்லை வகுப்பர். அது ஒரு விழுக்காடு என்று கொள்வோம். 1080-க்கு 2400 என்னும் அளவுடைய திரையில் 25,92,000 படப்புள்ளிகள் உள. அதில் ஒரு விழுக்காடு 25,920. மெய்யெழுத்தின் மேலுள்ள புள்ளி 20-க்கு 20 என்னும் அளவினதாயினும் 400 படப்புள்ளிகளே. ஆகவே 'கல்' என்பது 'கல' என்று மாறினாலும், ஒரே திரையில் அறுபது மெய்களின் புள்ளிகள் காணாமற்போனாலும் கருவி பொருட்படுத்தாது. தமிழில் உயிர்மெய்யை மெய்யாக்குவது அச்சிறு புள்ளியே அன்றோ.

இதற்குத் தீர்வு, முழுத்திரையை ஒப்பிடாது சொல் அமைந்த பகுதியை மட்டும் வெட்டியெடுத்து, பொறுத்தல் எல்லையைச் சுழியமாக்கி ஒப்பிடுவதாகும். அவ்வாறு செய்யும்போது சோதனை எப்போதும் ஒரே போலிக்கருவியில், ஒரே எழுத்துருவோடு இயங்க வேண்டும். எழுத்துரு மாறினால் படமும் மாறும். ஆண்டிராய்டின் நோட்டோ சான்ஸ் தமிழும் ஆப்பிளின் தமிழ்ச் சங்கம் எம்என் எழுத்துருவும் ஒரே சொல்லை ஒரே வடிவில் வரைவதில்லை. எனவே இயங்குதளத்திற்கு ஒரு படத்தொகுதி வேண்டும். எல்லாத் திரைகளுக்கும் இதனைச் செய்ய முயன்று சலிப்புற்றுக் கைவிடுவதைவிட, சொல்லும் பொத்தானும் மிகுந்த பத்துத் திரைகளுக்குச் செய்தல் சாலும்.

கருவியின் ஆயுள்

மென்பொருள் உலகில் கருவிகள் விரைவில் மறைகின்றன. ஒருகாலத்தில் இயல்பான மொழிநடையில் சோதனை எழுத உதவிய கலாபாஷ் என்னும் கருவியைப் பேணிவந்த நிறுவனம் 2017-இல் அப்பணியை நிறுத்திக்கொண்டது. மைக்ரோசாப்டின் விசுவல் ஸ்டூடியோ ஆப் சென்டர், பல கைப்பேசிகளில் சோதனை நடத்தும் வசதியை அளித்து வந்தது. அது 2025-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களோடு முடிவுற்றது. ஆய்வுநிதி மூன்றாண்டுக்கு ஒருமுறை கிட்டும் துறையொன்றுக்கு இது சிறிய செய்தியன்று. நிதி முடிந்து, நிரலெழுதிய மாணவரும் பட்டம் பெற்றுச் சென்றபின், எஞ்சியிருப்பவர் ஆசிரியர் ஒருவரே.

எனவே சோதனைக்குரிய தமிழ்த் தரவுகளைக் கருவியினின்றும் பிரித்து ஓர் அட்டவணைக் கோப்பில் வைத்தல் வேண்டும் என வலியுறுத்துவோம். ஒவ்வொரு வரியிலும் சொல், அது தட்டச்சு செய்யப்படக்கூடிய குறியெண் வடிவங்கள், ஒவ்வொன்றுக்கும் செயலி வழங்கவேண்டிய தீர்ப்பு ஆகியன இடம்பெறும். 'கொக்கு' இரு வடிவிலும் சரி, 'கெளரி' தவறு, ஆயின் விளக்கக் குறிப்போடு, 'கல' தவறு. ஃ, க்ஷ, ஸ்ரீ, ஔ வரும் சொற்களும், இருபது எழுத்துக்கு மேற்பட்ட நீண்ட தொடர்களும் இதில் இருத்தல் நன்று. ஐம்பது சொற்கள் போதும். சொற்களும் தீர்ப்புகளும் தமிழாசிரியர் பணி; அவற்றின் குறியெண் வடிவங்களை நிரலர் நிரப்பித் தருவார். விடைப்பட்டியலிலிருந்து படியெடுக்காமல் தனியே தட்டச்சு செய்தல் இன்றியமையாதது. கருவி மாறினும் இவ்வட்டவணை மாறாது.

தேர்வைப் பொறுத்தவரை எம் பரிந்துரை இதுவே. மூலநிரல் கையிலிருந்து, மாணவர் பயன்படுத்துவது பெரும்பாலும் ஆண்டிராய்டு எனின் எஸ்பிரெசோவே ஏற்றது. சிங்கப்பூர் உயர்நிலைப் பள்ளிகளைப் போல் ஒரு பள்ளியில் ஐபேடும் மற்றொன்றில் குரோம்புக்கும் புழங்கும் சூழலில், அல்லது ஒப்பந்தக்காரர் மூலநிரலை வழங்காத நிலையில் அப்பியம் மெதுவாயினும் பொருந்தும். இவ்விரண்டிற்கும் ஆளில்லாத சிறிய முயற்சிகளுக்கு மேஸ்ட்ரோ போதும். எதுவாயினும் ஒப்பந்தத்தில் கையெழுத்திடுமுன் மேற்கூறிய ஐம்பது சொற்களை அக்கருவியில் ஒரு நாள் ஓட்டிப் பார்க்கக் கேட்க வேண்டும். மூன்று வினாக்களை அன்று கேட்கலாம்: தமிழ்ச்சொல்லைப் பெட்டியில் இட இயன்றதா? வெட்டுப்பட்ட பொத்தானைக் கண்டுபிடித்ததா? 'கல்', 'கல' என்பவற்றின் படங்களை வேறென்று கூறியதா? இரண்டாவதற்கு விடை பெரும்பாலும் 'இல்லை' என்றே வரும். அப்போது அதற்கென எந்தெந்தத் திரைகளைக் கண்ணால் பார்ப்பது, யார் பார்ப்பது என்பதை அங்கேயே எழுத்தில் வகுத்துக்கொள்ளலாம்.